மிதி வலி

எங்கள் தெருவில் நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு வருகிற கால்வலிக்கு மிதி வலி என்று பெயர். பட்டுத்தறியில் உட்காருகிறவர் தரையில் வெட்டிய குழிக்குள் இரண்டு காலையும் தொங்கவிட்டு, அடியில் இருக்கிற மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். காலையில் இறங்கினால் பொழுது சாய்கிற வரைக்கும் மிதிதான். இருபது முப்பது வருடம் மிதித்த கால் வலிக்காமல் என்ன செய்யும்? அதனால் ஆரணியில் ஒரு நெசவாளி கால் வலிக்கிறது என்று சொன்னால் யாரும் அதை நோயாக எடுத்துக்கொள்வதில்லை. தலை நரைப்பது போல அதுவும் ஒன்று என்று விட்டுவிடுவார்கள்.

முந்தின வருடம் ஆடி மாதம் என் கணவர் கால் வலிக்கிறது என்றபோது நானும் அப்படித்தான் விட்டேன்.

அவர் இப்போது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் கடைசி வரைக்கும் நம்பிக்கொண்டே வரவேண்டாம். நான் அப்படி வந்தேன், அது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் தறி முன் கூடத்தில் இருக்கிறது. நான் தார் சுற்றுகிற ராட்டை சுவருக்கு இந்தப் பக்கம், சமையலறையை ஒட்டி. ஊடுநூலை இழுத்துக்கொண்டு தறியில் இங்குமங்கும் ஓடுகிற கட்டைக்கு நாடா என்று பெயர், அதற்குள் வைக்கிற சின்ன நூல் உருளைதான் தார். அவர் நெய்ய நெய்ய நான் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டதில் பாதிக்கு மேல் இந்தச் சுவர் வழியாகத்தான். தறி ஓடிக்கொண்டிருந்தால் பேச ஒன்றும் இல்லை. நின்றால் நான் குரல் கொடுப்பேன்.

“இன்னாங்க, நின்னுபோச்சு?”

“நூல் அறுந்துபோச்சு மே.”

“அறுந்தா முடிச்சுப் போடத் தெரியாதா? ஜல்தி ஆவட்டும்.”

என் வாய்க்கு எங்கள் தெருவில் பேர் உண்டு. பால்காரர் முதல் பட்டு முதலாளியின் கணக்குப்பிள்ளை வரைக்கும் என்னிடம் யோசித்துத்தான் பேசுவார்கள். அவர் மட்டும் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். வானொலி பாடுகிற மாதிரி நான் பாட்டுக்குத் திட்டிக்கொண்டிருப்பேன், அவர் பாட்டுக்கு நெய்துகொண்டிருப்பார்.

தறிச் சத்தத்தில் வலது காலுக்கு ஒரு சத்தம், இடது காலுக்கு ஒரு சத்தம். வெளியாளுக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்கும், எனக்கு அப்படிக் கேட்காது. அந்த ஆடியில் வலது காலின் சத்தம் கொஞ்சம் பிந்தி வர ஆரம்பித்தது. தறி நொண்டியது. தீபாவளிச் சேலைகளுக்கு முதலாளி ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்த நேரம். நான் ராட்டையை விட்டு எழுந்துகூடப் போகவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

“இந்தத் தெருவுல எந்த ஆம்பளைக்குத்தான் கால் வலிக்கல? நீங்க மட்டும் இன்னா, மகாராஜா வூட்டுப் புள்ளையா?”

அவர் சிரித்த சத்தம் கேட்டது. தறி மறுபடி ஓடியது, நொண்டிக்கொண்டே. அன்றைக்கு நான் என் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டதும் நினைவிருக்கிறது.

ஆடி பாதியில் கணுக்காலுக்கு மேலே, காலின் முன்பக்கத்தில் இரண்டு மூன்று இடங்களில் சிவப்பாகத் தடித்தது. புளியங்கொட்டை அளவு இருக்கும். தொட்டால் சுடும், அழுத்தினால் அவர் பல்லைக் கடிப்பார். மிதிகட்டையின் கயிறு உரசி இப்படி ஆகும், பலருக்கு ஆகியிருக்கிறது. நான் ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை. நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி தினமும் சாயங்காலம் அவர் காலை என் மடியில் போட்டுத் தேய்த்தேன். கட்டி கரைய வேண்டுமே என்று கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வரும். “மெதுவா மே” என்பார். மெதுவாகத் தேய்த்தால் எப்படிக் கரையும் என்று நான் இன்னும் அழுத்துவேன்.

குழியை ஆழப்படுத்துகிற யோசனையும் என்னுடையதுதான். குழி ஆழம் போதாவிட்டால் முட்டி மடங்கியே இருக்கும், ரத்தம் ஓடாது, கால் வீங்கும் என்று எங்கள் தெருவில் ஒரு கணக்கு உண்டு. கால் விழுந்துபோனவர்கள் வீட்டில் முதல் வேலையாகக் குழியை வெட்டுவார்கள். பக்கத்து வீட்டில்தான் அவருடைய அண்ணன், அவரும் நெசவாளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு வந்து அரை அடி ஆழம் கூட்டினார். மண்ணைக் கூடையில் வாரி நானே தெருமுனையில் கொட்டினேன். சாணம் போட்டு மெழுகிக் காய்ந்ததும் என் கணவர் இறங்கி உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டிப் பார்த்து, “இப்போ பரவால்ல” என்றார். பரவாயில்லை என்று எனக்காகத்தான் சொல்லியிருக்கிறார். வலி அப்போது கணுக்காலிலிருந்து முட்டிக்கு ஏறியிருந்தது, அதைப் பின்னால்தான் சொன்னார்.

ஆடி கடைசி வெள்ளிக்குப் படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போனேன். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. கோயில் வாசலில் வெள்ளித் தகட்டில் கண், கை, கால், வயிறு என்று உருக்கள் விற்பார்கள். எந்த உறுப்பில் நோவோ அந்த உருவை வாங்கி உண்டியலில் போட வேண்டும். நான் ஒரு கால் வாங்கினேன். ஒரு கால் போதுமா, இரண்டு வாங்கலாமா என்று கடைக்காரியிடம் வேறு கேட்டுக்கொண்டு நின்றேன். அம்மனிடம் தப்பான உறுப்பைச் சொல்லிவிட்டு வந்தேன் என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். சரியான உறுப்பு எது என்று தெரிந்தபோது, அதற்கு அந்தக் கடையில் உருவே கிடையாது.

புரட்டாசியில் ஒரு கட்டி தானாக உடைந்தது. சீழ் வரவில்லை, ரத்தமும் வரவில்லை. பழுப்பாக, பிசுபிசுவென்று எண்ணெய் மாதிரி ஒன்று கசிந்தது. நான் அதைத் துணியில் ஒற்றி முகர்ந்து பார்த்தேன். என்ன நினைத்தேன் தெரியுமா? நான் தேய்த்த எண்ணெய்தான் உள்ளே இறங்கி, கெட்டதையெல்லாம் இழுத்துக்கொண்டு வெளியே வருகிறது என்று நினைத்தேன். அவரிடம் அப்படியே சொன்னேன். “பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, கரைஞ்சு வருது.” இருவருக்கும் சந்தோஷமாக இருந்தது. அன்று சாயங்காலம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தேய்த்தேன்.

ஆள் மெலிந்துகொண்டே வந்தார். தீபாவளி வேலை, சரியாகச் சாப்பிடவில்லை என்று அதற்கும் காரணம் இருந்தது. உள்ளூரில் ஒரு டாக்டர் வாதம் என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்தார். அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். நெசவாளி கால் வலிக்கிறது என்று போய் நின்றால் யார்தான் வயிற்றைப் பார்ப்பார்கள்?

தீபாவளி முடிந்த மறுவாரம், சென்னையில் வேலை செய்கிற எங்கள் மகள் வந்திருந்தாள். அப்பாவின் காலைப் பார்த்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “இத்தினி நாளா இன்னாமா பண்ணிகினு இருந்தீங்க?” என்று கேட்டாள். அடுத்த நாளே வேலூருக்கு, பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். தோல் வியாதிதானே, ஒரு களிம்பு எழுதிக் கொடுப்பார்கள், மத்தியானம் திரும்பிவிடலாம் என்று நான் ராட்டையில் பாதித் தாரை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

தோல் டாக்டர் காலைப் பார்த்தார், அழுத்தினார். பிறகு காலை விட்டுவிட்டு, “வயிறு வலிக்குதா? முதுகுப் பக்கம் வலி போகுதா?” என்று கேட்டார். காலைக் காட்ட வந்தவரிடம் வயிற்றைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. என் கணவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆமா சார், சாப்ட்டா முதுவுல குத்தும். தறியில குனிஞ்சிகினே இருக்கோம்ல, அதான்” என்றார். அதையும் தறியின் தலையில்தான் போட்டார். கட்டியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் ஏதோ ஒன்று மெஷின் அளக்கிற எல்லையையே தாண்டிப் போயிருக்கிறது என்று சொல்லி மறுபடி எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்தார்கள். மத்தியானம் திரும்ப நினைத்தவர்கள் பதினோரு நாள் கழித்துத் திரும்பினோம்.

கணையம் என்ற சொல்லை நான் பள்ளிக்கூடப் பாடத்தில் படித்திருக்கிறேன். படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். இரைப்பைக்குப் பின்னால் படுத்திருக்கும் ஒரு சின்ன உறுப்பு. அதற்கும் மிதிகட்டைக்கும் என்ன சம்பந்தம்?

புற்றுநோய்ப் பிரிவில் எங்களுக்கு வாய்த்தவர் ஒரு இளம் பெண் டாக்டர். அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எனக்கும் மகளுக்கும் பொறுமையாகச் சொன்னார். கணையத்தில் வருகிற புற்றுநோய் பெரும்பாலும் அதிலிருக்கும் குழாயில் வருவது. இவருக்கு வந்திருப்பது அதுவல்ல. செரிமான நீரைச் சுரக்கிற செல்லிலேயே வந்திருக்கிறது. மிகவும் அபூர்வம். கொழுப்பைக் கரைக்கிற நீரை கணையத்தில் இருக்கிற கட்டி அளவில்லாமல் சுரந்து ரத்தத்தில் விடுகிறது. அது காலுக்குப் போய், தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பைக் கரைக்கிறது. “உடம்பு தன்னைத்தானே செரிச்சுக்குதுமா. கால்ல இருக்கற கட்டிங்க அதுதான்.”

நான் துணியில் ஒற்றி முகர்ந்து பார்த்தது அவருடைய சொந்தக் கொழுப்பு. நான் தேய்த்த எண்ணெய் இல்லை.

வெளியே வந்து மகளை அவரோடு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கர்ச்சீப்பை மறந்துவிட்டேன் என்று சொல்லி நான் மட்டும் திரும்ப உள்ளே போனேன். இரண்டு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. எத்தனை நாள் என்பது முதல் கேள்வி.

“வருஷக் கணக்குல என்னால பேச முடியாதுமா. ஈரலுக்குப் பரவியிருக்கு, அதனால ஆபரேஷன் இல்ல. கீமோ குடுப்போம். கேட்டுச்சுன்னா நல்லா இருப்பாரு. கேட்காமப் போனா மாசக் கணக்குதான். கேட்டாலும் எவ்வளவு நாள் நிக்கும்னு தெரியாது.”

“மத்தவங்களுக்கு எப்பிடி இருந்துச்சுங்க? இதே வந்தவங்களுக்கு?”

“அதுதான் கஷ்டம். இது வர்றதே ரொம்பக் கம்மி பேருக்கு. இதுக்குன்னு தனியா ஆராய்ச்சி பண்ற அளவுக்கு ஆள் கிடையாது. மத்த வகைக்குக் குடுக்கற மருந்தைத்தான் குடுத்துப் பாக்கணும்.”

அதாவது இரவல் மருந்து. ஊரில் எல்லாருக்கும் வருகிற நோய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஊரிலேயே யாருக்கும் வராத நோயாக இருந்தது. எல்லாருக்கும் வலிக்கிறதே என்று கேட்டவளுக்கு அதைவிடச் சரியான பதில் கிடைத்திருக்க முடியாது.

இரண்டாவது கேள்வியைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. என் நாக்குக்கு அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. “ஆடியிலயே கூட்டியாந்திருந்தா?” என்று ஒருவழியாகக் கேட்டேன்.

அந்தப் பெண் என்னை உட்காரச் சொன்னார். கால் வரைக்கும் காட்டுகிறது என்றாலே பெரும்பாலும் உள்ளே அதற்கு முன்பே பரவியிருக்கும், ஆடியிலும் ஆபரேஷன் செய்திருக்க முடியாமல் போயிருக்கலாம் என்றார். “போயிருக்கலாமா, போயிருக்குமா?” என்று கேட்டேன். “உறுதியா சொல்ல முடியாதுமா” என்றார். பொய் சொல்லாத பெண். ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நான் ஆறுதல் அடையவும் முடியவில்லை, தலையில் அடித்துக்கொண்டு அழவும் முடியவில்லை. எப்போது கூட்டி வந்திருந்தாலும் இதுதான் என்றால், இருந்த கொஞ்ச நாளில் மூன்று மாதம் அவரை ஏன் வலியோடு மிதிக்க வைத்தேன்? ஆடியில் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றால், அதற்கு மேல் யோசிக்கவே என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் அண்ணன் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். “அவங்கிட்ட எதையும் சொல்லிகினு இருக்காதம்மா. கட்டி, மருந்துல கரைஞ்சிடும்னு சொல்லு. தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான்.” துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே சொன்னார். கடப்பாரை பிடித்த கை. நானும் சரி என்றேன். கட்டி, மருந்தில் கரைந்துவிடும் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வேலூர் போவோம். அரை நாள் சொட்டுச் சொட்டாக மருந்து ஏறும். அதன் பிறகு ஒரு பிளாஸ்டிக் மருந்து பாட்டிலை, அதற்கென்றே மார்பில் பொருத்தியிருந்த குழாயோடு இணைத்து, பையில் போட்டுக் கழுத்தில் மாட்டி அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாள் அது தானாக உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பையோடு கண்ணமங்கலம் வழியாக பஸ்ஸில் வருவோம். பக்கத்தில் உட்காருகிறவர்கள் பையில் என்ன என்று கேட்டால், “தண்ணி பாட்டில்” என்பார்.

மருந்து அவரைப் பிழிந்து எடுத்தது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் அடங்க ஒரு வாரம் ஆகும், அடங்கி நாலு வாய் சாப்பிட ஆரம்பிக்கும்போது அடுத்த முறை வந்துவிடும். குளிர்ந்த எதையும் தொடக் கூடாது. தெரியாமல் எவர்சில்வர் டம்ளரை எடுத்துவிட்டு ஷாக் அடித்தவர் போலக் கீழே போடுவார். மார்கழியில் குழாய்த் தண்ணீரைத் தொட முடியாமல், ஒரு குழந்தைக்குச் செய்வது போல நான் வெந்நீரில் கை கழுவிவிட்டேன்.

மகள் எங்கிருந்தோ படித்துவிட்டு, மரபணுப் பரிசோதனை ஒன்று இருக்கிறது, சிலருக்கு அதில் ஒரு கோளாறு தெரியும், தெரிந்தால் அதற்கென்று மாத்திரை இருக்கிறது என்றாள். டாக்டரும் ஆமாம் என்றார், அனுப்பினார்கள். நான்கு வாரம் காத்திருந்தோம். உடம்பில் கோளாறு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட குடும்பம் ஆரணியில் எங்களுடையதாகத்தான் இருக்கும். பதில் வந்தது. அந்தக் கோளாறு எதுவும் இல்லை. மகள் போனில் இதைச் சொல்லிவிட்டு அழுதாள். நான் அழவில்லை, அடுப்பில் கஞ்சி இருந்தது.

நான் திட்டுவதை நிறுத்தியிருந்தேன். தீர்மானம் செய்து நிறுத்தவில்லை. வாய் வரைக்கும் வரும், ஆடி மாதம் நினைவுக்கு வரும், விழுங்கிவிடுவேன். அவர் கஞ்சியைத் தட்டிவிட்டால்கூட, “பரவால்லங்க, வேற தர்றேன்” என்று சொன்னேன். அவர் என்னை வினோதமாகப் பார்ப்பார். ஒரு நாள், “இன்னா மே, நர்ஸ் மாதிரி பேசிகினு கீற?” என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன்.

ஆனால் மருந்து கேட்டது. அதையும் சொல்ல வேண்டும். தை பிறந்ததும் காலில் கட்டிகள் வற்ற ஆரம்பித்தன. புண் ஆறியது. சிவப்பு, பழுப்பாகி மங்கியது. இந்த நோயில் கால்தான் ரிப்போர்ட், கட்டி வற்றினால் உள்ளேயும் வற்றுகிறது என்று பொருள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தினமும் காலையில் அவர் காலை மடியில் போட்டு, கட்டைவிரலால் தடவிப் பார்ப்பேன். எந்த விரலால் அழுத்தித் தேய்த்தேனோ அதே விரல். இப்போது ஈக்குக்கூட வலிக்காத மாதிரி தடவுவேன். தழும்புகளை எண்ணுவேன். புதிதாக ஒன்றும் இல்லை என்றால் எழுந்து காப்பி போடுவேன். மாசியில் எடுத்த ஸ்கேனில் ஈரலில் இருந்தவை பாதிக்கு மேல் சுருங்கியிருந்தன. அந்தப் பெண் டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். மருந்தைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்து உடம்பைத் தேற்றலாம் என்றார். நான் அன்றைக்கு நம்பினேன். பஸ் ஸ்டாண்டில் மல்லிகைப்பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

பங்குனியில் அவர் குழியில் இறங்கினார். வேண்டாம் என்று அண்ணன் சொன்னார், மகள் சொன்னாள். அவர் கேட்கவில்லை. “படுத்துகினே இருந்தா பேஜாரா கீது” என்றார். முதலாளி அவசரமில்லாத ஒரு சேலைக்குப் பட்டு கொடுத்தனுப்பினார், அரக்கு நிறம், மயில் கழுத்துப் பச்சைக் கரை. கால் ஒத்துழைத்தது. கைதான் போயிருந்தது. மருந்து விரல் நுனிகளை மரக்கட்டையாக ஆக்கியிருந்தது. அறுந்த பட்டு நூலை விரலால் தேடுவார், விரலுக்கு மேலேயே நூல் கிடக்கும், அவருக்குத் தெரியாது. காலைக் கொடுத்துவிட்டுக் கையை வாங்கிக்கொண்டிருந்தது அந்த இரவல் மருந்து. நூல் அறுந்தால் என்னைக் கூப்பிடுவார். நான் ராட்டையிலிருந்து எழுந்து போய் முடிந்துவிட்டு வருவேன். ஒரு நாளைக்கு இரண்டு சாண் நெய்தால் அதிகம். இரண்டு காலின் சத்தமும் சரிசமமாக வந்துகொண்டிருந்தது. அந்த ஐந்து வாரம் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சமைத்தேன், கேட்டுக்கொண்டே துவைத்தேன்.

சித்திரையில் ஒரு காலை, வழக்கம்போல நான் காலைத் தொடப் போனபோது, “இன்னிக்கு வேணாம், குளிச்சிட்டேன்” என்றார். மறுநாளும் ஏதோ சொன்னார். எப்போதும் முட்டிக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கிதான். அதை விட்டுவிட்டு, கணுக்கால் மறைகிற மாதிரி வேட்டியைத் தழையத் தழையக் கட்டிக்கொண்டு தறிக்குப் போனார். சித்திரை வெயிலில் தறிக்குழிக்குள் யாராவது வேட்டியைத் தழைத்துக் கட்டுவார்களா? நான் பார்த்தேன். பார்த்ததை எனக்கே சொல்லிக்கொள்ளாமல் இருந்தேன்.

நான்காம் நாள் நான் ராட்டையில் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது. வலது காலின் சத்தம் பிந்தி வந்தது.

நூல் சிக்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். அடுத்ததும் பிந்தி வந்தது. அதற்கடுத்ததும். ஸ்கேன் எடுக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. எனக்கு ஸ்கேன் தேவைப்படவில்லை. என் கை ராட்டையில் அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் தறியும் நின்றது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு வீடு தள்ளி பவர்லூம் ஓடுவது மட்டும் கேட்டது.

“இன்னா மே” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது. “தறி நின்னு எவ்ளோ நேரம் ஆவுது. உன் சத்தத்தையே காணோம்.”

“நூல் அறுந்துபோச்சு போலன்னு நெனச்சேங்க.”

“நூல் ஒண்ணும் அறுந்துபோகல.”

அவர் மறுபடி பேசினார். குரலில் கோபம் இல்லை.

“வேலூர்லருந்து வந்த நாள்லருந்து நீ என்னைத் திட்டல. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு எனக்கு. டாக்டர் இன்னா சொன்னாருன்னு நான் யாரையும் கேக்கல. நீ பேசாம கீறது ஒண்ணுதான் எனக்கு பயமா கீது. ஒரு தபா திட்டு மே.”

எழுந்து அந்தப் பக்கம் போகலாம் என்று நினைத்தேன். போனால் காலைப் பார்க்க வேண்டியிருக்கும். முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். உட்கார்ந்த இடத்திலேயே வாயைத் திறந்தேன். திட்டுவதற்கு இருபத்தாறு வருடச் சொற்கள் இருந்தன, எனக்கு வந்தது அந்த ஒன்றுதான்.

“இந்தத் தெருவுல எந்த ஆம்பளைக்குத்தான் கால் வலிக்கல? நீங்க மட்டும் இன்னா” என்று ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது. ராட்டையை ஒரு சுற்று சுற்றிவிட்டு மீதியையும் சொன்னேன். “மகாராஜா வூட்டுப் புள்ளையா?”

அவர் சிரித்தார். “அப்பிடிச் சொல்லு” என்றார்.

தறி ஓட ஆரம்பித்தது. அவர் அந்தக் குழியில் இறங்கியது அன்றைக்குக் கடைசி. அதற்குப் பிறகு படுக்கைதான், ஆனி பிறந்த பத்தாம் நாள் போய்விட்டார். ஆனால் அன்று காலை பதினோரு மணி வரைக்கும் தறி நொண்டிக்கொண்டே ஓடியது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் தார் சுற்றிக்கொண்டு, ஓயாமல் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.